பென்டிரைவைப் பிடுங்கிய கல்யாணம்

என் மகனுக்கு,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டாமல்தான் உன் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் அவர் பிரித்துப் படித்தால் படிக்கட்டும். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை முயன்றேன். நீ "ம், சொல்லும்மா" என்றதுமே, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்று சொன்னாய்: "ரிசப்ஷன்ல மைக்க புடிச்சி உன்னப் பத்திதாம்மா பேசப் போறேன். அன்னிக்கி நீ மட்டும் உண்மைய சொல்லலன்னா, நா இன்னும் பென்டிரைவுக்குப் பின்னாடியே நின்னுகினு இருந்திருப்பேன்." அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தோரு நாள் இருக்கிறது. நீ மைக்கில் சொல்லப் போகும் கதை நடந்த கதை இல்லை. எப்படி நடந்தது என்பது இத்தனை நாளும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் எதையும் எளிதில் நம்பாதவள் என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு பேனா தொலைந்தது என்று நீ சொன்னபோது, தொலைந்ததா கொடுத்ததா என்று இரண்டு நாள் துருவியவள் நான். இந்தக் குணம் புத்தகங்களிலிருந்து வந்தது என்று உன் நைனா சொல்வார். நகரியில் நான்கு விசைத்தறி ஓடும் வீட்டில், அந்த இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்து நூலகப் புத்தகம் படிக்கும் மருமகளை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் என் சந்தேகம் தறியிலிருந்துதான் வந்தது என்று நான் நினைக்கிறேன். தறி ஒழுங்காக ஓடினால் அதன் சத்தம் ஒவ்வொரு தடவையும் ஒன்றுபோலவே இருக்கும். நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுந்தால் அந்தச் சத்தத்தில் ஏதோ ஒன்று குறையும். அதைக் கேட்டுக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. பதினெட்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்து, இருபது வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவில் நின்றபடியே மூன்றாவது தறியில் இழை அறுந்தது என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே போய்ப் பார்த்தால் அறுந்திருக்கும். எங்கள் தெருவில் என் காதை எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

நீ கீபோர்டு கற்றுக்கொண்ட விதம் விநோதமானது. கரண்ட் இருந்தால் தறி ஓடும், கீபோர்டு காதில் விழாது. கரண்ட் போனால் வீடு அமைதியாகும், ஆனால் கீபோர்டும் சேர்ந்து போய்விடும். அதனால் நீ ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழகினாய். சமையலறை வாசலிலிருந்து பார்த்தால் உன் விரல்கள் ஓடும், தலை ஆடும், எனக்கு எதுவும் கேட்காது. நான் கேட்டால் ஒரு பக்கத்தைக் கழற்றி என் காதில் வைப்பாய். அதில் வரும் இசை தறிச் சத்தத்துக்கு அடியில் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். "நல்லா கீதாம்மா?" என்பாய். நல்லா இருக்கிறது என்பேன். உண்மையில், நீ எப்படி வாசிக்கிறாய் என்பது எனக்குப் பல வருஷம் தெரியாது. நீ வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டேன். எதையும் நம்பாத நான் இதை மட்டும் ஏன் நம்பினேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை விஷயத்தில் கேள்வி கேட்காமல் இருப்பது ஒரு சுகம், அவ்வளவுதான்.

பிறகு நீ திருப்பதியில் அந்த ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தாய். முதல் முறையாக உன்னை மேடையில் பார்த்தது திருப்பதியில் ஒரு மண்டபத்தில், நமக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு கல்யாண ரிசப்ஷனில். பவித்ரா பாடினாள். அன்றைக்கு அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது, சத்தியவேடு பக்கத்துப் பெண் என்று யாரோ சொன்னார்கள். பழைய தெலுங்குப் பாட்டு ஒன்று. இரண்டு அடிகளுக்கு நடுவில் உன் கீபோர்டு மட்டும் தனியாக வரும் இடத்தில் ஒரு சுரம் பிசகியது. கட்டையை மாற்றித் தொட்டுவிட்டு உடனே திருத்திக்கொள்வதுபோல. யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிழை வந்ததால்தான் அது உன் கை என்று நம்பினேன். மிஷின் பிசகாது, மனுஷன்தான் பிசகுவான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவும் செய்தேன்.

மூன்று வாரம் கழித்துப் புத்தூரில் இன்னொரு கல்யாணம். அதே பாட்டு. அதே இடம். அதே பிசகு. அதே திருத்தல். நான் கையில் எடுத்த தாம்பூலப் பையை அப்படியே வைத்துவிட்டேன். மேடையைப் பார்த்தேன். உன் விரல்கள் சரியாக அந்த நேரத்தில் தடுமாறின, உன் உதட்டில் ஒரு சின்ன சிரிப்புகூட வந்தது. எல்லாம் பென்டிரைவிலிருந்து வருகிறது என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. டிரம்ஸ் அடிக்கிற பையன், புல்லாங்குழல் வாசிக்கிற பெரியவர், நீ, எல்லோரும் வாசிப்பதுபோல் அசைந்துகொண்டிருந்தீர்கள். அவள் ஒருத்திதான் உண்மையில் பாடிக்கொண்டிருந்தாள். அதுவும் அதே நொடியில் எனக்குத் தெரிந்தது. இந்த வரியை நீ இரண்டு முறை படிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது உன்னிடம் கேட்டிருக்கலாம். தோசை ஊற்றிக்கொண்டே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நீ ஆமாம் என்பாய், அப்புறம் நான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குப் பதிலாக அவளைச் சந்தேகிக்க ஆரம்பித்தேன். பாட்டு முடிந்ததும் நீ அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து கொடுத்ததைப் பார்த்திருந்தேன். இவள்தான் உன்னை இந்தக் கூட்டத்தில் பிடித்து வைத்திருக்கிறாளோ என்று நினைத்தேன். ஆதாரம் எதுவும் இல்லை. பாட்டிலைத் திறந்து கொடுத்ததை ஆதாரமாக வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது கல்யாணம் நம் நகரியிலேயே நடந்தது. நானும் உன் அத்தையும் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். உன் நைனாவின் தங்கை மறைத்துப் பேசத் தெரியாதவள், உனக்கே தெரியும்.

"அண்ணி, ஒன்னு கேட்டா கோச்சிக்க மாட்டியே?" என்றாள்.

"கேளேன்."

"ரெக்கார்டு மாதிரியே கீதே. டிவியில கேக்கறாப்பல கீது. நெசமாவே வாசிக்கிறானுங்களா?"

எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் உடனே, "நானும் அதான் சொல்லிக்கினு இருந்தேன், நெசம்னா கொஞ்சமாவது முன்ன பின்ன இருக்காதா?" என்றாள். பந்தியில் நான்கைந்து தலைகள் மேடைப் பக்கம் திரும்பின. அங்கே பாடகிக்கு அடுத்தபடி முன்னால் நின்றவன் நீதான். அவர்கள் உன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தேன்.

"எம்பையன் வாசிக்கறது நெசம். வெரலப் பாரு. அந்தப் பொண்ணுதான் ரெக்கார்டு. வாய மட்டும் அசைக்கறா. மூச்சு எடுக்கற எடத்தப் பாரு, மூணு கல்யாணத்துலயும் ஒரே எடம். தறி ஓடறாப்பல."

"அக்கா சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்றாள் எதிர்வரிசைப் பெண். "பாவு அறுந்தா ரோட்டுல நின்னுகினே சொல்லிடுவாங்க."

"அடிப்பாவி, அழகா கீறா. எதுக்கு இந்தப் பொழப்பு?" என்று உன் அத்தை சிரித்தாள்.

வேறு ஊரில் சொல்லியிருந்தால் இது ஒரு பேச்சாகவே போயிருக்கும். தறிக்காரர்கள் நிறைந்த மண்டபத்தில், ஒரே இடத்தில் மூச்சு என்று சொன்னால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். மாறாமல் வருவது மிஷின் என்று அங்கே எல்லோருடைய காதுக்கும் தெரியும். அதைத் தெரிந்துதான் அந்தப் பொய்யை அப்படிச் செய்தேன். ரசம் ஊற்றியபோது சொன்னது, பாயசம் வருவதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் காதுக்குப் போய்விட்டது. அவர் ஆள் பெருத்த, கலகலப்பான மனுஷர். யாரையும் அவமானப்படுத்த அவர் நினைக்கவில்லை, அவருக்கு அது ஒரு விளையாட்டு. கை கழுவிய ஈரத்தோடு மேடையேறி, "பொண்ணு பாடுதா, பொட்டி பாடுதா, இப்பவே சூசேத்தாம்!" என்று, பார்த்துவிடலாம் என்பதைத் தெலுங்கில் கத்திவிட்டுப் பென்டிரைவைப் பிடுங்கினார்.

டிரம்ஸ் நின்றது. வயலின் நின்றது, வயலின்காரர் யாரும் அங்கே இல்லாமலே இருந்த வயலின். உன் கீபோர்டு நின்றது. பவித்ராவின் குரல் நிற்கவில்லை. ஒரே ஒரு நொடி கொஞ்சம் கீழே இறங்கியது, பிறகு தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மைக்கில் அவள் மூச்சுகூடக் கேட்டது. உன் விரல்கள் இன்னும் நான்கைந்து தட்டுகள் கட்டைகள்மேல் ஓடின. "டேய், கீபோர்டு ஊமையாயிடுச்சிடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான், மண்டபமே சிரித்தது. வால்யூமைத் திருப்பி நீ நிஜமாக வாசித்திருக்கலாம். அதற்காகக் காத்திருந்தேன். நீ திருப்பவில்லை. துண்டு துண்டாகப் பதிந்து கம்ப்யூட்டரில் ஒட்டிய பாட்டு அது என்றும், ஒரே மூச்சில் உனக்கு அது வராது என்றும் பிறகு நீயே சொன்னாய். கைகளைக் கட்டைகளிலிருந்து எடுத்துக் கீழே தொங்கவிட்டு நீ நேராக என்னைப் பார்த்தாய்.

இத்தனை வருஷத் தறியில் உன் நைனாவுக்குப் பாதிக் காதுதான் மிச்சம். அவர் என் தோளைத் தட்டி, "இன்னா ஆச்சி, எல்லாம் நின்னுட்ச்சி?" என்று கேட்டார்.

"கரண்டு போயிட்ச்சி" என்றேன்.

அவர் மேலே பார்த்தார். "லைட்டு எரியுதே."

நான் மேடையைப் பார்த்தேன். அவள் பாட்டை முடித்தாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நான் பார்த்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. நானும் பலமுறை பார்த்தேன். மண்டபத்தில் கேட்ட குரல் அதில் இல்லை. போனில் அது தகரத்தில் விழுந்த மாதிரி மெலிந்து, இலை எடுக்கும் சத்தத்தோடு கலந்து வந்தது. சில வாரம் கழித்து வேறு யாரோ அந்த வீடியோவுக்கே பின்னணி இசை சேர்த்து அனுப்பினார்கள். பென்டிரைவைப் பிடுங்கியதால் கேட்ட குரலுக்கு, மறுபடியும் பென்டிரைவை மாட்டிவிட்டார்கள். அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். அவளுக்கு நல்ல பெயர் வந்தது. உனக்கு நகரி பஸ் ஸ்டாண்டில் "ஏ பென்டிரைவு" என்ற பெயர் வந்தது. மேடையை விட்டுவிட்டு, திருப்பதியில் வாத்தியக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். காலையில் ஓர் ஆசிரியரிடம் போய் முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தாய். ஒன்றரை வருஷம். இப்போது நீ வாசிப்பது நிஜம். பவித்ரா உன்னிடம் தானாக வந்து பேசியதும், நீங்கள் இருவரும் சேர்ந்து கச்சேரி செய்வதும், கல்யாணம் முடிவானதும் இதற்கப்புறம்தான்.

இந்தக் கதை வாய் மாறி வாய் மாறி வந்தபோது, "உங்கம்மாதான் ரெக்கார்டுன்னு கண்டுபுடிச்சி சொன்னது" என்று உன் காதில் விழுந்தது. நீ அதை உன் விதமாகப் புரிந்துகொண்டாய். பெற்ற பிள்ளை என்றுகூடப் பார்க்காமல் அம்மா உண்மையைச் சொன்னாள், அந்த வெட்கத்தில்தான் நான் திருந்தினேன் என்று. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்திதாம்மா என்ன ஒழுங்கா கேட்ட" என்றாய். நான் அந்தக் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பவித்ராவும் வாழைப்பழச் சீப்போடு வீட்டுக்கு வந்து, "நீங்க அன்னிக்கி வாயத் தெறக்கலன்னா எனக்கு ஒரு கொரல் கீதுன்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காது அத்தே" என்று காலைத் தொட்டாள். நல்லா இரு என்றேன். நான் சொன்ன சொல்லை நேரில் கேட்டவர்களில் நம் வீட்டுக்கு வந்துபோகிறவள் உன் அத்தை ஒருத்திதான். அவள் இதுவரை வெளியே சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக மறந்துவிட்டாளா, எனக்காக வைத்திருக்கிறாளா என்று அவளையும் சந்தேகித்துக்கொண்டிருக்கிறேன். பொய் சொன்னவளுக்கு இது ஒரு தனி வேலை.

அந்தப் பிசகைப் பற்றி ஒருமுறை உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? ஏன் அதை அழிக்காமல் விட்டாய் என்று. "தப்பு இல்லன்னா ஜனங்க நம்ப மாட்டாங்கம்மா, அதான் வேணும்னே உட்டேன்" என்றாய். நீ சாதாரணமாகச் சொன்னது என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. பிழையைக்கூட வேண்டுமென்றே வைக்கலாம் என்றால், எதைக் கேட்டு எதை நம்புவது? இந்தக் கடிதத்தில் நான் ஒப்புக்கொள்ளும் தவறும், நீ என்னை நம்புவதற்காக நானே விட்டுவைத்த பிசகுதானோ என்று உனக்குத் தோன்றலாம். தோன்றட்டும். எனக்கே சில சமயம் தோன்றுகிறது.

நேரில் பாடினால் உண்மை, பதிந்தால் பொய் என்று நீயும் உன் நண்பர்களும் இப்போது பேசிக்கொள்கிறீர்கள். நான் அதையும் நம்பவில்லை. உன் நைனா ரேடியோவில் பழைய பாட்டைக் காதால் கேட்பதில்லை, ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைத்தான் கேட்கிறார். அது பதிவுதான், ஆனால் அவர் முகத்தில் வருவது பதிவு இல்லை. அந்தப் பந்தியில் நான் பேசியது நேரில் பேசியது, சுடச்சுட, ஒத்திகை இல்லாமல். அதைவிடப் பொய்யான சத்தம் அன்று அந்த மண்டபத்தில் எதுவும் இல்லை. உன் வீட்டில் நாளைக்கு யாராவது ஒன்று சொல்லும்போது, நேரில் சொல்கிறாரே என்பதற்காக நம்பிவிடாதே. யாரைக் காப்பாற்றச் சொல்கிறார் என்று பார். பவித்ரா சொன்னாலும் பார். உன்னை நீயும் பார்த்துக்கொள்.

நேற்று சத்தியவேட்டுக்குப் பஸ் ஏறிப் போனேன். உனக்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் நான் பழி போட்டது அவள்மேல். அவள் முற்றத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே அத்தே" என்று எழுந்தாள். உட்காரச் சொல்லி, இங்கே உனக்கு எழுதியதையெல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் கை நின்றுவிட்டது.

"அப்போ நா நெசமாத்தான் பாடறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். புத்தூர்லயே தெரியும்."

"எப்பிடி?"

"ஒவ்வொரு வாட்டியும் வேற வேற எடத்துல மூச்சு எடுத்த. திருப்பதியில ரெண்டாவது அடியில இருமல் வந்துச்சி. அத பாட்டுக்குள்ளியே முழுங்கிட்ட."

ஒரு கணம் அவள் முகம் மலர்ந்தது. "அது யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். பிறகு அந்த மலர்ச்சி போய்விட்டது. "இவ்ளோ நல்லா கேட்டுட்டா அப்பிடி சொன்னீங்க? கேக்கத் தெரியாதவங்க சொல்லியிருந்தா போவட்டும்னு உட்டிருப்பேன்."

கையில் நின்றிருந்த கடலையை அவள் கீழே வைத்தாள்.

"அன்னிக்கி பயத்துல எனக்குத் தொண்ட அடைச்சிருந்தா? எல்லாரும் என்னப் பாத்துதான் சிரிச்சிருப்பாங்க. நீங்க பாத்துக்கினு ஒக்காந்திருப்பீங்க."

"ஆமா" என்றேன். வேறு எந்தப் பதிலும் பொய்யாக இருந்திருக்கும்.

அவள் அம்மா மோர் கொண்டுவந்தார்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததைப் பற்றிப் பேசினார்கள், பவித்ராவும் ஒன்றும் நடக்காததுபோல் பேசினாள். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "அவுருகிட்ட நா சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. மைக்க புடிக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க" என்றாள். அத்தே என்று சொல்லவில்லை. பஸ் வரும்வரை கூட நின்றாள், அது கோபத்தோடு நின்றதா கோபம் போய் நின்றதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. என் காது அவ்வளவுதான்.

நான் பயப்படுவது ஒன்றைத்தான். உண்மை சொன்ன அம்மாவைப் பார்த்து வெட்கப்பட்டுத்தான் நீ முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தாய். அந்த அம்மா இல்லை என்று தெரிந்தால், கற்றுக்கொண்டதெல்லாம் உன் கையில் நிற்குமா என்று பயப்படுகிறேன். அந்தப் பயத்தை வைத்துத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், உன் நன்மைக்காக என்று பெயர் வைத்து. ஆனால் ஒன்றரை வருஷம் காலையில் எழுந்து போனது நான் இல்லை. என்னைப் பற்றிய ஒரு பொய்யை நம்பி எழுந்தாலும், எழுந்தவன் நீ.

ரிசப்ஷனுக்கு நான் வர வேண்டாம் என்றால் அதை நீயே சொல், பவித்ரா மூலமாகச் சொல்லி அனுப்பாதே. என்னைப் பற்றி ஒன்றும் பேசாமல் விட்டாலும் எனக்குக் குறையில்லை. பேசுவதானால் பாதியில் நிறுத்தாதே. எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் பழியை இவள்மேல் போட்டாள், என்னைக் காப்பாற்றப் போட்டாள் என்று அதே மைக்கில், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் எழுந்து போக மாட்டேன்.

அம்மா